அவுங்களே பயப்படலையே

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், கூடியிருப்பவர்கள் படித்தவர்களாக இருந்தால், ‘நம்ம மக்களுக்கு விழிப்புணர்வு கிடையாது’ என்ற தீர்ப்போடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அண்மையில் ஒரு திருமண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அதையே சொன்னார், சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் மதுரை செல்லூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். ஊரடங்கிலும் திறந்திருக்க அனுமதி பெற்ற கடையின் கல்லாவில் உட்கார்ந்து, குறுக்கே கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்ற மனிதர்களோடு இரண்டு ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தவன் என்ற முறையில், இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவே இல்லை. என் கடைக்கு வந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கைபேசியில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் இருமல் சத்தமும் பிறகு அறிவுரையும் கேட்டுக் கேட்டு, கை எப்படிக் கழுவ வேண்டும் என்பது தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றும் பாட்டிக்குக்கூட மனப்பாடமாகியிருந்தது. தெரிந்திருந்தும் சில வாரங்கள் சொன்னபடி நடந்தார்கள், சில வாரங்கள் நடக்கவில்லை. அந்த வாரங்களுக்கு நடுவே அவர்களுடைய அறிவு கூடவோ குறையவோ இல்லை. மேலே இருப்பவர்கள் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தார்கள் என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது, லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவில் ஆய்வாளர்கள் மக்களிடம் நேரில் கேட்டுத் தகவல் திரட்டினார்கள். அரசின் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் வீட்டில் முன்னெச்சரிக்கையாக இருந்ததும் குறைவு, அரசு விதித்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதும் குறைவு என்று அந்த ஆய்வு காட்டியது. அதில் யாரும் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால் அதே ஆய்வில், நம்பிக்கை இல்லாத அந்த மக்களுக்கு நோயின் அறிகுறிகளும் அது பரவும் விதமும் மற்றவர்களைவிடக் குறைவாகத் தெரிந்திருந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. திருமண வீட்டு அதிகாரியிடம் நான் சொல்ல நினைத்ததும் இதுதான். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

மேடையில் ஒருவர் பேசினால் மறுநாள் அது என் கடை அலமாரியில் தெரியும். 2020 மார்ச்சில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரையை வானளாவப் புகழ்ந்தார். மார்ச் 23 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும் நோயாளியின் வீட்டாரும் முன்காப்பாக அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவுறுத்தியது. அதையொட்டி, அந்த நீளமான பெயரைப் பிள்ளைகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ‘அமெரிக்காக்காரனே இதத்தான் சொல்றானாம்ணே’ என்றார் ஓர் ஆட்டோ ஓட்டுநர். சில நாள்களில் மத்திய அரசு அந்த மாத்திரையை எச்1 அட்டவணையில் சேர்த்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. முடக்குவாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வந்த அக்கா ஒருவர்தான், கையில் முறையான சீட்டு இருந்தும் சரக்கு இல்லாமல் கடைகடையாக அலைந்தார். அந்த ஆட்டோ ஓட்டுநருக்கு டிரம்பின் மேல் பற்று ஒன்றும் கிடையாது. பெரிய மனிதர்கள் தங்களுக்கென்று எதை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், எதைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் கடைக்கு வந்த பெரும்பாலோர் தலைவர்களைப் பார்த்த விதமும் அதுதான். மார்ச் 22 மாலை கை தட்டியதையும், ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கு ஏற்றியதையும் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எங்கள் தெருவில் பலரும் தட்டினார்கள், பலரும் ஏற்றினார்கள். ஒரு தலைவர் சொன்னால் ஊரே ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்யும் என்பது அதில் தெரிந்தது. நோயைக் கண்டு அவர் எவ்வளவு அஞ்சுகிறார் என்பது அதில் தெரியவில்லை. ஆகவே அதன் தடம் என் அலமாரியில் விழவே இல்லை.

ஒரு விஷயத்தில் நாம் தப்பித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முகக்கவசம் எந்தக் கட்சிக்காரர் என்று காட்டும் அடையாளமாகிப் போனது. முகக்கவசம் அணியச் சொல்லும் பரிந்துரையை அறிவித்த அதே கூட்டத்தில், நான் அணியப்போவதில்லை என்று அதிபரே சொன்னார். அவர் பொதுவெளியில் அணிந்து தோன்றியது அந்த ஆண்டு ஜூலையில்தான். தமிழ்நாட்டிலோ உதயசூரியன் அச்சிட்ட முகக்கவசமும் இருந்தது, இரட்டை இலை அச்சிட்ட முகக்கவசமும் இருந்தது. இரண்டையும் போட்டவர்கள் என் கடை வாசலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஆனால் முகக்கவசம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. கட்சி அபிமானத்தை ஆயிரம் குறை சொல்லலாம், இந்த ஒரு நன்மையை மறைக்க முடியாது.

சாமியே உள்ளே இருந்த ஆண்டு

தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் உயிர் போனது மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில், 2020 மார்ச் 25 அன்று. ஆனாலும் ஊரை உண்மையில் அடக்கியது அந்தச் செய்தி இல்லை என்பது என் எண்ணம். மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்து நடந்தது. பெண்கள் அதை இணையத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்தபடி வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கவே இல்லை. செல்லூர் வைகையின் வடகரை. அழகர் வரும் நாளில் செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே தீபம் ஏற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் ஆற்றுக்கு இறங்குவார்கள். அந்த ஆண்டு தெருவில் ஆள் இல்லை. பெரிய கலகம் ஏதேனும் வரும் என்று நான் நினைத்திருந்தேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது, ‘அழகரே மலைய விட்டு எறங்கல, நாம எங்கிட்டுப் போறது?’ என்றார். அவருக்குக் கோபமும் இல்லை, விளக்கமும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் மேலே இருப்பவரும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குக் கேள்வியே எழவில்லை.

அதே வாரத்தில், சித்ரா பௌர்ணமியான மே 7 அன்று, டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னதும், பிறகு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்ததும், கடைகள் மீண்டும் திறந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அரசுக்கு வருமானம் வேண்டும் என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கடை வாசலில் அன்று நடந்ததைச் சொல்கிறேன். அதுவரை சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஒழுங்காக நின்றவர்கள், அன்று மாலையிலிருந்து கயிற்றின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். தள்ளி நிற்கச் சொன்னபோது, ‘சாமிக்குத்தான் தடை, சரக்குக்கு இல்லையாக்கும்’ என்று சிரித்தார் ஒருவர். வைரஸ் எவ்வளவு தூரம் பாயும் என்பது பற்றிய அவருடைய அறிவு ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. நிலைமை அவ்வளவு மோசம் என்றால் அரசே இதைத் திறக்குமா என்று அவர் கணக்குப் போட்டார், அவ்வளவுதான்.

கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடும். ஜூன் 10 அன்று சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் சென்னையில் கொரோனாவால் இறந்தார். ஜூன் 24 முதல் மதுரையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. ஜூலையில் எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் செல்லூர் ராஜூவுக்குத் தொற்று உறுதியானது. வைகை அணையில் தெர்மாகோல் விட்ட நாளிலிருந்து அவரைக் கேலி பேசாமல் எங்கள் தெருவில் ஒரு டீக்கடைப் பேச்சு நடந்ததில்லை. ஆனால் அவருக்கு நோய் என்ற செய்தி வந்த அன்று, கேலி பேசிய அதே இளைஞர்கள்தான் முகக்கவசமும் கபசுரக் குடிநீர்ப் பொடியும் கேட்டு வந்தார்கள். தலைவரைப் பிடிக்க வேண்டும், மதிக்க வேண்டும் என்பதெல்லாம் இதற்கு அவசியமே இல்லை போலிருக்கிறது. அவருக்கு நம்மைவிட நல்ல கவனிப்பு, நல்ல பாதுகாப்பு, நல்ல தகவல் கிடைக்கும் என்று தெரிந்தால் போதும். அவரையே நோய் தொட்டுவிட்டது என்றால் மிச்சத்தை ஆட்கள் தாங்களாகவே புரிந்துகொள்கிறார்கள்.

முதல் ஊசியும் திறந்த வண்டியும்

2021 ஜனவரி 16 அன்று தமிழ்நாட்டில் தடுப்பூசித் திட்டத்தை முதல்வர் எடப்பாடி பழனிசாமி எங்கள் இராசாசி மருத்துவமனையில்தான் தொடங்கிவைத்தார். முன்னால் நின்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் மருத்துவர்களும் மருத்துவப் பணியாளர்களும். அரசியல்வாதிகள் வரிசையில் முந்தக் கூடாது என்று பிரதமர் சில நாள்களுக்கு முன்புதான் முதல்வர்களிடம் சொல்லியிருந்தார். நியாயமான விதி, நோயாளியைத் தொடுகிறவருக்குத்தான் முதல் ஊசி சேர வேண்டும். ஆனால் மறுநாள் கடையில் என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ‘மொதலமைச்சர் போட்டுக்கிட்டாரா?’ இல்லை என்றதும் முகம் சுருங்கியது. ‘அப்ப எங்கள வச்சுப் பாக்குறாங்க’ என்றார் துண்டு வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர். நிவாரணப் பொருள் வாங்கும் வரிசையில் தலைவர் பின்னால் நின்றால் அதைத் தியாகம் என்பார்கள். ஊசிக்கான வரிசையில் பின்னால் நின்றால் அதைத் தயக்கம் என்றுதான் படிப்பார்கள். விதியை வகுத்தவர்கள் டெல்லியில் நியாயத்தைப் பார்த்தார்கள், செல்லூர்க்காரர்கள் முகத்தைப் பார்த்தார்கள். சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர், அவரே மருத்துவர் என்பதால் அந்த வரிசைக்கு உரியவராக, ஜனவரி 22 அன்று சென்னையில் போட்டுக்கொண்டார். மார்ச் 1 அன்று பிரதமர் எய்ம்ஸில் கோவேக்சின் போட்டுக்கொண்டார். ஊசி போட்டவர் புதுச்சேரியைச் சேர்ந்த செவிலியர். அதற்குப் பிறகுதான், ‘மோடி போட்ட ஊசி எங்க போடுறாங்க?’ என்று கேட்டு வயதானவர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் அவருக்கு ஓட்டுப் போடாதவர்களும் உண்டு என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

நல்லபடியாகத் தொடங்கிய அதைத் தேர்தல் விழுங்கியது. முகக்கவசம் இல்லாமல் வந்தால் 200 ரூபாய் அபராதம் என்று கோரிப்பாளையம் சிக்னலில் இருசக்கர வண்டிகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே சாலையில் திறந்த வண்டியில் நின்றபடி, முகக்கவசம் கழுத்தில் தொங்க, வேட்பாளர்கள் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். ஒரு கட்சியை மட்டும் சொல்லவில்லை. ஏப்ரல் 2 அன்று பிரதமர் மதுரைக்கு வந்து பொதுக்கூட்டத்தில் பேசினார். மாநிலத்தின் இரு பெரும் கட்சிகளும் தெருத்தெருவாகக் கூட்டம் சேர்த்தன. ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அந்த மாதக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம், பிரச்சாரக் கூட்டங்களை அனுமதித்ததற்காகத் தேர்தல் ஆணையத்தின் மேல் கொலைக் குற்றமே சுமத்தலாம் என்ற அளவுக்குக் கடிந்துகொண்டது. ஆனால் கடிந்துகொள்வதற்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பா அந்த வாரம் கடைக்கு வந்திருந்தார். முகக்கவசம் ஒன்றை எடுத்து நீட்டினேன். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ‘ஏப்பா, அவுங்களே பயப்படலையே, நமக்கென்ன?’ என்றார். பயம் என்றால் கோழைத்தனம் என்று அவர் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பயப்படாத ஒன்றுக்கு விவரம் தெரியாத நான் ஏன் பயப்பட வேண்டும் என்ற, தன்னளவில் பழுதில்லாத வாதம் அது.

பிரேசிலில் இதையே தரவுகளோடு அளந்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் அதிபர் பொல்சொனாரோ நோயைச் சாதாரணக் காய்ச்சலாகக் குறைத்துப் பேசினார். கைபேசிகள் இடம் மாறியதன் தரவுகளை 2018 தேர்தல் முடிவுகளோடு சேர்த்துப் பார்த்த பொருளியலாளர்கள், அந்தப் பேச்சுக்குப் பிறகு அவருக்கு ஆதரவு மிகுந்த ஊர்களில் வீட்டில் இருப்பது மற்ற ஊர்களைவிட அதிகமாகக் குறைந்ததைக் கண்டார்கள். இங்கிலாந்தில் பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கின்போது லண்டனிலிருந்து டர்ஹம் வரை குடும்பத்தோடு போய்வந்த செய்தி 2020 மே 22 அன்று வெளியானது. அதையடுத்து, பெருந்தொற்றை அரசு சரியாகக் கையாளும் என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் சரிந்தது. தங்களுக்கென்று தனி அரசுகள் உள்ள ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படிச் சரியவில்லை. நார்வேயில் பிரதமரே பிறந்தநாள் விருந்தில் விதியை மீறியபோது காவல் துறை அவருக்கு அபராதம் விதித்தது. கோரிப்பாளையத்தில் அந்த 200 ரூபாய் ஒருமுறையாவது திறந்த வண்டியில் நின்றவரிடம் வசூலிக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

ஏப்ரல் 17

இத்தனைக்கும் நடுவில் என்னை விடாமல் துரத்துவது நடிகர் விவேக்கின் மரணம். 2021 ஏப்ரல் 15 அன்று அவர் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவேக்சின் போட்டுக்கொண்டார். தனியாருக்குப் போக வசதி உள்ளவர், மக்களின் தயக்கத்தைப் போக்குவதற்காகவே அரசு மருத்துவமனையில், சுகாதாரத் துறைச் செயலர் உடனிருக்க, பலரறியப் போட்டுக்கொண்டார். எங்கள் ஊருக்கு அவர் வெறும் சினிமாக்காரர் இல்லை. அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், அந்த வழியாகப் போகும்போது யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். பதவி எதிலும் இல்லாதவர், ஓட்டுக் கேட்காதவர், மரம் நடச் சொல்லித் தானும் நட்டவர். தேர்தல் மேடைகள் காலி செய்துவிட்டுப் போன நம்பிக்கையை நிரப்ப அவரைவிடப் பொருத்தமான ஆள் அன்றைக்குத் தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. மறுநாள் மாரடைப்பில் விழுந்தார். ஏப்ரல் 17 விடியற்காலையில் இறந்துவிட்டார்.

அன்று காலை நான் கடை திறந்தபோது செய்தி எனக்கு முன்பாகவே வாசலுக்கு வந்திருந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஊசி என்று ஆகியிருந்ததால், இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் ஓர் அக்காவை மெல்லப் பேசிப் பேசி, அன்றைக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். அவர் ஆதார் அட்டையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். இதயத்தின் முக்கிய இரத்தக் குழாயில் நூறு சதவீத அடைப்பு இருந்ததாக மருத்துவமனை சொல்லியிருக்கிறது, அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் உருவாகாது, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சுகாதாரத் துறையும் விளக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, ‘அந்த மனுசன் சும்மா நடிச்சுக் காமிக்கலண்ணே. நெசமாவே குத்திக்கிட்டாரு. அப்புறந்தான போயிட்டாரு’ என்றார். தலைவர் தன் உடம்பை முன்னால் வைத்தால்தான் நம்புவோம் என்று இத்தனை நாளும் கேட்டவர்கள், ஒருவர் வைத்ததையும் பார்த்தார்கள், அந்த உடம்புக்கு நேர்ந்ததையும் பார்த்தார்கள். அவர் ஊசி போட்டதைச் சான்றாக எடுத்துக்கொள், அவர் இறந்ததை எடுத்துக்கொள்ளாதே என்று நான் எந்த நியாயத்தில் அவரிடம் சொல்ல முடியும்? புள்ளிவிவரம் என்ற ஒன்று இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஊசிக்கு ஆதரவாக நாங்கள் அவர் முன்னால் வைத்தது புள்ளிவிவரத்தை இல்லையே, ஒரு மனிதரைத்தானே.

போகும்போது அவர் சொன்ன இன்னொரு வாக்கியம்தான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. ‘ஆஸ்பத்திரியில சொல்றாங்கங்கிறீங்க. அந்தம்மா இட்லி சாப்பிட்டாங்கன்னுந்தான் சொன்னாங்க.’

2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாள்களில், தமிழ்நாடு அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தது. நலமாக இருக்கிறார், பேசுகிறார், இட்லி சாப்பிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு செப்டம்பரில், அன்றைய வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், இதே மதுரையில் நடந்த பொதுக்கூட்டத்தில், இட்லி சாப்பிட்டார் என்று தாங்கள் சொன்னது பொய் என்று கூறி மன்னிப்புக் கேட்டார். அதை நாம் நகைச்சுவைத் துணுக்காக்கிச் சிரித்துவிட்டு மறந்தோம். அந்த அக்கா மறக்கவில்லை. பெரிய மருத்துவமனை, பெரிய நோயாளி, அதிகாரிகளின் விளக்கம் என்று மூன்றும் மறுபடி ஒன்றாக வந்தபோது, முன்பு நடந்ததை வைத்து இப்போது நடப்பதை எடைபோட்டார். இடையில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை ஊசி போடும் நாளில் வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். பெருந்தொற்று வந்த பிறகு தலைவர்கள் நம்பிக்கையைத் தேடினால் கிடைக்காது. அது நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு விஷயத்தில் செலவாகியிருக்கும். விவேக்கின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு ஆராய்ந்து அறிவித்த செய்தி அக்டோபரில் வந்தது. அதற்குள் இரண்டாம் அலையே வந்து போய்விட்டது.

காய்ச்சல் வரும் என்று சொன்னவர்

மே மாதத்தில் யாரும் யாரையும் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தத்தனேரி எங்களுக்குப் பக்கம். மயானத்துக்குப் போகும் வண்டிகளே போதுமானதாக இருந்தன. ரெம்டெசிவிர் மருந்து விற்பனைக்காக மதுரை மருத்துவக் கல்லூரியில் திறந்த கவுண்டரின் முன்னால் ஆட்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். அந்த மாத இறுதியில், பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த முதல்வர் ஸ்டாலின், கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் முழுக் கவச உடையோடு போய் நோயாளிகளைப் பார்த்தார். அது தேவையற்ற ஆபத்து என்று வாதிட்ட மருத்துவ நண்பர்கள் எனக்கு உண்டு. விளம்பரம் என்றவர்களும் உண்டு. எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. இந்த நோயைக் கண்டு எச்சரிக்கையாக இருக்க வேண்டும், எச்சரிக்கையாக இருந்தால் உள்ளே போய்த் திரும்பி வரலாம் என்ற இரண்டையும் அது ஒருசேரச் சொன்னது. திறந்த வண்டியில் கும்பிட்டுச் சென்ற படங்கள் எதுவும் இந்த இரண்டில் ஒன்றையும் சொல்லியிருக்கவில்லை. ஜூனில் ஊசி கேட்டு ஆட்கள் வந்தார்கள், ஊசிதான் தட்டுப்பாடு. செப்டம்பர் 12 அன்று நடந்த மாபெரும் முகாமில் 20 லட்சம் என்ற இலக்கைத் தாண்டி 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். டிசம்பரில், ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதி இல்லை என்று மதுரை மாவட்ட நிர்வாகம் சொன்னபோது, மிச்சமிருந்தவர்களில் பலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

தலைவர்களின் பிடிக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று எனக்குக் காட்டியது, விந்தையாக, டிரம்ப்தான். 2021 ஆகஸ்டில் அலபாமாவில் தன் சொந்த ஆதரவாளர்களின் கூட்டத்திலேயே, ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நான் போட்டுக்கொண்டேன், நல்லது என்றார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். உடனே, உங்கள் சுதந்திரம் உங்களுக்கு என்று பின்வாங்கினார். அவர் மாதக்கணக்கில் வளர்த்துவிட்ட அலட்சியத்தை அவராலேயே ஒரு வாக்கியத்தில் திரும்ப வாங்க முடியவில்லை.

சித்தப்பாவை ஊசி போட வைத்தது இந்தப் பெரிய மனிதர்களில் யாரும் இல்லை. அவருடைய ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர், அவர் பேரப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து ஊசி போட்டவர், ஜூனில் ஒருநாள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். ஊசி நல்லது, பாதுகாப்பானது என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. ‘போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரும் பெரியப்பா. கையி நல்லா வலிக்கும். பயந்துக்கிறாதீக. ஒரு மாத்திரையப் போட்டுப் படுத்தீகன்னா மறுநா சரியாயிரும். எனக்கும் அப்பிடித்தேன் இருந்துச்சு’ என்றார். அமைச்சர்களோ அதிகாரிகளோ அவருக்குச் சொல்லாத செய்தி இது. அவர்கள் சொன்னதெல்லாம் பயமில்லை, பயமில்லை என்பதுதான். சித்தப்பா யோசித்துவிட்டு, ‘காய்ச்சல் வரலேன்னா?’ என்று கேட்டார். ‘வரலேன்னா நல்லதுதான, வேலையப் பாருங்க’ என்று செவிலியர் நோட்டைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டார்.

அன்று இரவு சொன்னபடியே காய்ச்சல் வந்தது, சொன்னபடியே மறுநாள் போனது. அதற்குப் பிறகு அந்தச் செவிலியர் சொல்லும் எதையும் அவர் மறுத்து நான் பார்த்ததில்லை. 84 நாள் கழித்து இரண்டாவது ஊசிக்கு அவரே முதல் ஆளாகப் போய் நின்று, முகாமைத் தாமதமாகத் தொடங்கியதற்காகச் சத்தம் போட்டாராம். டீக்கடையில் தயங்கி நின்றவர்களிடம், ‘காய்ச்சல் வரும், படுத்து எந்திரிச்சாப் போயிரும்’ என்று அதே வரியைச் சொல்லித் திரிந்ததாகவும் சித்தி சொன்னார். யார் சொல்லி நீங்கள் போட்டுக்கொண்டீர்கள் என்று பின்னாளில் ஒருமுறை அவரிடம் கேட்டேன். பிரதமர், முதலமைச்சர், விவேக், செவிலியர் என்று ஒருவர் பெயரும் வரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘யாரு சொல்லணும்? நானாத்தேன் போட்டேன்’ என்றார்.